ஒன்ராறியோவில் லோ கிளார்க் படிப்பு: சேருமுன் தொடங்கி முதல் வேலை வரை

ரொறன்ரோவில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் லோ கிளார்க்காக இருக்கிறேன். வருடா வருடம் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை என் பக்கத்து மேசையில் இருத்தி வேலை பழக்குவதும் என் பொறுப்புத்தான். அவர்களில் தடுமாறியவர்கள் பெரும்பாலும் சட்டம் விளங்காமல் தடுமாறவில்லை, பிந்திச் செய்யவேண்டியதை முந்திச் செய்தும் முந்திச் செய்யவேண்டியதை விட்டுவிட்டுமே தடுமாறினார்கள். அதனால் இதை ஒழுங்கு முறையிலேயே எழுதுகிறேன்.

1. என்ன வேலை என்று முதலில் தெளியுங்கள்

எங்கள் ஆட்கள் லோ கிளார்க்கையும் பராலீகலையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. பராலீகல் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றவர். சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம், போக்குவரத்துக் குற்றப் பத்திரம் போன்றவற்றில் தன் பெயரிலேயே ஆளுக்காக எழுந்து நின்று வாதாடலாம், ஆலோசனை சொல்லிக் காசும் வாங்கலாம்.

லோ கிளார்க்குக்கு உரிமம் இல்லை. சட்டத்தரணியின் மேற்பார்வையில்தான் வேலை. ஆலோசனை சொல்லக் கூடாது, நீதிபதி முன் யாருக்காகவும் வாதாடவும் கூடாது. ஆனால் வீடு வாங்கல் விற்றல், மரணசாதனம் (உயில்), கம்பெனிப் பதிவு, மேல் நீதிமன்ற வழக்கு என்று பராலீகல் தன் உரிமத்தின்கீழ் தொட முடியாத பைல்கள் எல்லாம் நாள் முழுக்க உங்கள் கையில்தான் இருக்கும்.

நீதிமன்றத்தில் பேச ஆசைப்படுகிறவர் இந்தப் படிப்பில் சேர்ந்தால் மூன்றாம் செமஸ்டரில்தான் ஏமாற்றம் தெரியவரும், அப்படி அழுத பிள்ளையைக் கண்டிருக்கிறேன். இன்னொன்று, அமெரிக்காவில் லோ கிளார்க் என்றால் பெரும்பாலும் சட்டப் பட்டம் முடித்து நீதிபதியிடம் வேலை செய்பவர். யூடியூபில் கிடைக்கும் காணொளிகள் பலவும் அதைப் பற்றியவை. அவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

2. காசு கட்டுமுன் பார்க்க வேண்டியவை

செனெகா, டர்ஹம், அல்கொன்குவின், பான்ஷா போன்ற அரசுக் கல்லூரிகள் இந்தப் படிப்பை நடத்தி வந்திருக்கின்றன. வழமையாக 2 வருட டிப்ளோமா, 4 செமஸ்டர். ஏற்கெனவே பட்டம் உள்ளவர்களுக்குச் சில இடங்களில் குறுகிய வழியும் உண்டு. ஊரில் பட்டம் முடித்தவர்கள் அதைக் கேட்காமலே 2 வருடப் படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். கேளுங்கள்.

விண்ணப்பம் ஒன்ராறியோகொலிஜஸ் இணையத்தளம் வழியாகத்தான். செப்டெம்பர் வகுப்புக்குப் பெப்ரவரி 1-க்கு முன் போட்டுவிடுங்கள். அந்தத் தேதிவரை வரும் விண்ணப்பங்களைச் சமமாகப் பார்ப்பார்கள், அதன் பிறகு மிச்சம் இருக்கும் இடம்தான். 12-ஆம் வகுப்பு ஆங்கிலம் தேவை. 19 வயது தாண்டியவர் முதிர் மாணவராக நுழையலாம், அதற்குப் பெரும்பாலும் ஒரு தேர்வு வைப்பார்கள். ஊர்ச் சான்றிதழ் என்றால் மதிப்பீடு செய்விக்க வேண்டும். இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ கடிதம் வந்துசேர எவ்வளவு நாள் எடுக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஆகவே அதைத்தான் முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

தனியார் கல்லூரி என்றால், 2005-ஆம் ஆண்டின் ஒன்ராறியோ தொழிற்கல்லூரிச் சட்டத்தின்கீழ் அது பதிவானதா என்று மட்டும் பார்த்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் அந்தப் படிப்புக்கும் அனுமதி இருக்கிறதா என்று அரசின் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

சர்வதேச மாணவராக வரப்போகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள். 2024 நவம்பர் 1-இலோ அதற்குப் பிறகோ மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்தவர், கல்லூரி டிப்ளோமா முடித்த பின் வேலை அனுமதி பெற வேண்டுமானால், படித்த துறை குடிவரவுத் திணைக்களத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். முகவர் சொல்வதை நம்பி முதல் தவணை கட்டாமல், அந்தப் பட்டியலை நீங்களே திறந்து படிப்பின் இலக்கத்தைத் தேடுங்கள். அதில் இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு உகந்ததல்ல.

எல்லோரும் கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: அலுவலகப் பயிற்சி உண்டா, அதை அவர்கள் தேடித் தருவார்களா நீங்கள் தேட வேண்டுமா? எங்கள் தொழில் அமைப்பான ஒன்ராறியோ லோ கிளார்க்குகள் நிறுவனம் அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்கிறதா? காணிப் பதிவுக்கான ரெராவியூ, வீட்டுப் பைலுக்கான கன்வேயன்சர், விவாகரத்துப் பைலுக்கான டிவோஸ்மேற் போன்ற மென்பொருட்களைக் கையில் தந்து பழக்குவார்களா?

3. வகுப்புக்கு முன் விரலும் வேர்டும்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கல்லூரி தொடங்குமுன் உள்ள 2, 3 மாதத்தில் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகுங்கள். வகுப்பிலேயே கணினியில் கடிதம் எழுதும் சோதனைகள் வரும். விரல் தடவுகிறவர் சட்டம் தெரிந்தும் நேரம் போதாமல் புள்ளி இழப்பார்.

அடுத்தது வேர்ட். தானாக ஏறும் பத்தி இலக்கம், தலைப்புப் பாணி, உள்ளடக்கப் பட்டியல், திருத்தங்களைக் காட்டும் வசதி ஆகிய நான்கும் கட்டாயம். காரணம் சொல்கிறேன். வழக்கைத் தொடங்கும் ஒரு கோரிக்கை அறிக்கையில் 60 பத்தி இருக்கும். 12-ஆம் பத்திக்குப் பிறகு ஒன்றைச் செருகச் சட்டத்தரணி சொல்வார். இலக்கங்களைக் கையால் அடித்திருந்தால் மிச்சம் 48-ஐயும் திருத்த வேண்டும், 'பத்தி 31-இல் கூறியபடி' என்று உள்ளே வரும் இடங்கள் எல்லாம் பிழைக்கும்.

4. முதல் செமஸ்டர்: சொல்லை இரண்டு மொழியிலும் பிடியுங்கள்

ஆங்கிலச் சட்டச்சொல்லைக் கூகிளில் மொழிபெயர்த்து மனப்பாடம் செய்வதுதான் எங்கள் பிள்ளைகள் விடும் பெரிய பிழை. ஒப்பந்தச் சட்டத்தில் 'கன்சிடரேஷன்' என்றால் கருத்தில் எடுப்பது அல்ல, ஒரு வாக்குறுதிக்குப் பதிலாக மற்றவர் தரும் கைமாறு. 'எக்ஸிகியூஷன்' என்ற சொல் மரணசாதன வகுப்பில் கையொப்பமிட்டு நிறைவேற்றுவதைக் குறிக்கும், அதே சொல் வீட்டுப் பைலில் கடன்காரருக்கு எதிராக, நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிபிடம் பதிவான ஆணை. ஒரு கொப்பியில் சொல்லையும், எந்தப் பாடத்தில் வந்தது என்பதையும், உங்கள் வார்த்தையில் விளக்கத்தையும் எழுதி வாருங்கள். அம்மாவுக்குச் சொன்னால் விளங்குமா என்று பார்த்து எழுதினால் சரியாக வரும்.

சட்டத் தேடலுக்கு கான்லியும் ஒன்ராறியோ அரசின் ஈ-லோஸ் தளமும் இலவசம். பாடப்புத்தகத்தில் உள்ள தொகையையோ நாளையோ நேரே பாவிக்காமல் ஈ-லோஸில் இன்றைய வடிவத்தை எடுத்துப் பார்க்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வரட்டும். சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றத்தின் உச்சவரம்பு 2020-இல் 35,000 டொலர் ஆனது, 2025 ஒக்டோபர் 1-இல் 50,000 ஆகிவிட்டது. பழைய புத்தகத்தை நம்பினால் பைல் தவறான நீதிமன்றத்துக்குப் போகும்.

5. நாள் எண்ணுவது

வழக்குப் பாடத்தில் நீங்கள் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது. ஒரு சட்டத்தரணி அலுவலகத்துக்கு எதிராக வரும் முறைப்பாடுகளில் தவறிய தேதி சாதாரணமாக இருக்கும் ஒன்று, அந்தத் தேதியை நாட்காட்டியில் போடுவது பெரும்பாலும் கிளார்க்.

ஒன்ராறியோவுக்குள் கோரிக்கை அறிக்கை கையளிக்கப்பட்டவர் 20 நாளுக்குள் பதில் அறிக்கை தர வேண்டும். கனடாவின் வேறு மாகாணத்திலோ அமெரிக்காவிலோ என்றால் 40, மற்ற நாடுகளில் 60. எதிர்வாதம் செய்யும் எண்ணத்தைத் தெரிவிக்கும் படிவத்தை நேரத்துக்குப் போட்டால் இன்னும் 10 நாள் கிடைக்கும்.

எண்ணும் முறை இதுதான்: கையளித்த நாளை விட்டுவிட்டு, கடைசி நாளைச் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை மார்ச் 4-இல் கையளித்தால் 20-ஆம் நாள் மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குப் போகும், ஆகவே மார்ச் 25. காலக்கெடு 7 நாளோ அதற்குக் குறைவோ என்றால் நடுவில் வரும் விடுமுறைகளையும் எண்ணக் கூடாது, சனியும் ஞாயிறும் அதில் அடக்கம்.

விடுமுறை எது என்பதையும் சிவில் நடைமுறை விதிகளில்தான் பார்க்க வேண்டும். நினைவு நாளான நவம்பர் 11-இல் ஒன்ராறியோவில் கடைகள் திறந்திருக்கும், அலுவலகங்களும் பல இயங்கும், ஆனால் விதிகளின்படி அது விடுமுறை. ஈஸ்டர் திங்களும் அப்படித்தான்.

பழக்கம் ஒன்று சொல்கிறேன். தேதியை எண்ணியதும் நாட்காட்டியில் 3 இடத்தில் போடுங்கள்: கடைசி நாள், அதற்கு 3 வேலைநாள் முன், அதற்கு 10 நாள் முன். அத்தோடு எந்த விதியின்படி எண்ணினீர்கள் என்று அதே பதிவில் எழுதுங்கள். நீங்கள் லீவில் நிற்கும்போது மற்றவர் சரிபார்க்க அதுதான் உதவும். வழக்குத் தொடரும் அடிப்படைக் காலவரம்பு 2 வருடம் என்பதையும் புதுப் பைல் திறக்கும் அன்றே குறித்து வையுங்கள், 'பிறகு போடலாம்' என்று ஒத்திவைக்க வேண்டாம்.

6. வீட்டுப் பைல்: பெயர், வரி, திறப்பு

எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வேலை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது, ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் தமிழ்ச் சட்டத்தரணிகளிடம் வீட்டுப் பைல்கள் நிறைய என்பதால். ஆகவே இந்தப் பாடத்தில் கூடுதல் நேரம் போடுங்கள்.

முதலில் பெயர். எங்கள் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்பது ஆவணத்துக்கு ஆவணம் மாறும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், சாரதி அனுமதிப் பத்திரத்தில் பின்னால், வங்கியில் முதலெழுத்து மட்டும். நான் பழகிய காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், வீட்டுக் கடன் அறிவுறுத்தலில் இருந்த நடுப்பெயர் நாங்கள் தயாரித்த உரிமைமாற்றப் பத்திரத்தில் இல்லை என்று 3 மணிக்குக் கண்டுபிடித்தோம். வாங்குபவர் தளபாடம் ஏற்றிய வானோடு அந்த வீட்டு வாசலில் நிற்கிறார். கடன் தரும் இடத்தைத் தொலைபேசியில் பிடித்து, திருத்தம் எழுத்தில் வாங்கி, பதிவு நேரம் முடிவதற்குச் சற்று முன்தான் முடித்தோம். அன்றிலிருந்து பைல் திறந்த நாளே அடையாள அட்டை, ஒப்பந்தம், கடன் அறிவுறுத்தல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு முடிக்காமல் வேறு ஒன்றும் தொடங்குவதில்லை.

ஷெரிபிடம் பதிவான கடன் ஆணைகளைத் தேடும்போதும் இதே கதை. பெயரின் ஒரு வடிவத்தை மட்டும் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதினால், மற்ற வடிவத்தில் இருக்கும் ஆணை தப்பிவிடும். மாறாக, ஒரே பெயரில் வேறு ஆள் இருந்து ஆணை காட்டவும் கூடும், அதைக் கண்டால் நீங்களே முடிவெடுக்காமல் சட்டத்தரணியின் மேசைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது காணி உரிமைமாற்ற வரி. 800,000 டொலர் வீட்டை எடுத்துக் கையால் ஒருமுறை கணக்குப் பாருங்கள். முதல் 55,000-க்கு 0.5 வீதம், அதாவது 275. அதிலிருந்து 250,000 வரை 1 வீதம், 1,950. அதிலிருந்து 400,000 வரை 1.5 வீதம், 2,250. மிச்சம் 400,000-க்கு 2 வீதம், 8,000. மொத்தம் 12,475. வீடு ரொறன்ரோ நகரத்துக்குள் இருந்தால் நகர வரியும் அதே அளவு, ஆக 24,950. முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் கழித்துத் தரும். மென்பொருள் இதை ஒரு நொடியில் போட்டுவிடும். ஆனால் ரொறன்ரோ என்ற பெட்டியில் குறியிட மறந்தால் அதே நொடியில் பாதித் தொகையைப் போடும், பிழை என்று உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் கையால் செய்திருக்க வேண்டும்.

வரி போன்ற செலவுகளை வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நாள் கணக்கில் பிரிக்கும் சரிக்கட்டல் அறிக்கையும் அப்படித்தான். வருடச் சொத்து வரி 3,650 டொலர், விற்பவர் முழுதும் கட்டிவிட்டார், ஜூலை 1-இல் கைமாறுகிறது என்று வையுங்கள். கைமாறும் நாள் வழமையாக வாங்குபவர் கணக்கு. விற்பவருக்கு 181 நாள், 1,810. கட்டிய 3,650-இல் மிச்சம் 1,840 அவருக்குத் திரும்ப வரவு. புதியவர்கள் கைமாறும் நாளை விற்பவர் பக்கம் எண்ணிவிடுகிறார்கள்.

கடைசியாகத் திறப்பு. ரெராவியூவில் சட்டத்தரணிக்கென்று தனித் திறப்பும் (உள்நுழையும் சாவி) இரகசியச் சொல்லும் உண்டு. ஆவணத்தைத் தயாரிப்பது உங்கள் வேலை. சட்டத்துக்கு அமைவானது என்று சட்டத்தரணி உறுதிசொல்லும் ஆவணங்களில் கையொப்பம் அவருடையது, அவருடைய திறப்பால் அவரே போட வேண்டும். 'இந்தா, நீயே போட்டுவிடு' என்று யாராவது தந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். சட்டச் சங்க விதி அதைத் தடுக்கிறது. இதனால் வேலை போகுமோ என்று பயப்படுகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது, அப்படிப்பட்ட இடத்தை விட்டு நீங்களே வெளியே வருவது நல்லது.

7. மரணசாதனமும் கம்பெனியும்

மரணசாதனப் பாடத்தில் கவனிக்க வேண்டியது சாட்சிகள். ஒன்ராறியோவில் வழமையான தட்டச்சு மரணசாதனத்துக்கு 2 சாட்சி, அவர்களோ அவர்களின் துணையோ அதில் பயன் பெறுபவராக இருக்கக் கூடாது. வீட்டிலேயே எழுதி மருமகனைச் சாட்சி வைத்துவிட்டு வருகிறவர்களைக் காண்பீர்கள், ஆகவே எந்த மரணசாதனம் கையில் வந்தாலும் கண் முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். இறந்தவரின் சொத்து நிர்வாக வரி முதல் 50,000 டொலருக்கு இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 1,000-க்கும் 15. சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் சான்றிதழ் கிடைத்த பின் 180 நாளுக்குள் நிதி அமைச்சுக்கு விபரத் திரட்டு அனுப்ப வேண்டும், சான்றிதழ் கிடைத்த சந்தோஷத்தில் பைலை மூடிவிடுகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

கம்பெனிப் பதிவுகள் 2021 ஒக்டோபர் 19 முதல் ஒன்ராறியோ வர்த்தகப் பதிவகம் என்ற இணைய வழியில் நடக்கின்றன. பதிவு செய்தால் முடிந்தது என்று நினைக்காமல், பணிப்பாளர் தீர்மானங்கள், பங்குப் பதிவேடு, 2023 ஜனவரி 1 முதல் தனியார் கம்பெனிகளுக்கு வந்த முக்கிய கட்டுப்பாடு உடையோர் பதிவேடு எல்லாவற்றையும் கம்பெனிக் கோவையில் போட்டு முடிக்கப் பழகுங்கள்.

8. நம்பிக்கைக் கணக்கு

வாடிக்கையாளரின் காசு அலுவலகத்தின் காசு அல்ல. வீடு வாங்க வந்த முற்பணம் நம்பிக்கைக் கணக்குக்குப் போகும், வேலைக்கான கட்டணம் பில் அனுப்பிய பிறகே பொதுக் கணக்குக்கு வரும். ஒருவரின் காசால் மற்றவரின் பைலுக்குக் கொடுப்பனவு செய்யக் கூடாது, அரை மணி நேரத்துக்கு என்றாலும் கூடாது. மாதம் முடிந்து 25 நாளுக்குள் நம்பிக்கைக் கணக்கை வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு முடிக்க வேண்டும். கணக்கியல் பாடம் சலிப்பாக இருக்கிறது என்று வகுப்பை விடுகிறவர்கள் உண்டு. அலுவலகத்தில் முதல் வாரமே காசோலைக் கோரிக்கை எழுதச் சொல்வார்கள்.

9. வாயைக் காப்பது, வாய் கொடுப்பது

எங்கள் சமூகம் சின்னது. காலையில் விவாகரத்துப் பைலில் பெயர் பார்த்தவரை மாலையில் மண்டபத்தில் கல்யாண வரிசையில் காண்பீர்கள். அவர் வந்து கதைத்தால் கதையுங்கள். அலுவலகத்துக்கு வந்தார் என்பதைக்கூடப் பக்கத்தில் நிற்கும் சித்தியிடம் சொல்ல வேண்டாம், அதுவும் இரகசியம்தான். சொந்தக்காரரின் பைலோ அவருக்கு எதிரான பைலோ வந்தால் முதல் பக்கத்தைத் திறக்குமுன் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.

தமிழ் தெரிந்த கிளார்க் என்றால் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். சத்தியக் கடதாசி கொடுப்பவருக்கு ஆங்கிலம் விளங்காதென்றால், சரியாக மொழிபெயர்ப்பதாகச் சத்தியம் செய்த ஒருவர், சத்தியம் வாங்குபவரின் முன்னிலையில் மொழிபெயர்த்தார் என்பதும், மொழிபெயர்த்தவரின் பெயரும் கடதாசியின் முடிவில் உள்ள சத்தியக் குறிப்பில் வர வேண்டும். அந்த வரி இல்லாமல் கையொப்பம் வாங்கிவிட்டால் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

வயது போன ஐயா ஒருவர் கடதாசியைக் கேட்டு முடித்ததும் உங்கள் முகத்தைப் பார்த்து, 'பிள்ளை, நான் இதில் கையொப்பம் வைக்கலாமோ?' என்று கேட்பார். மனம் இளகும், பதிலும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஆலோசனை. 'ஐயா, அதை லோயரிடமே கேட்போம், நான் அப்படியே தமிழில் சொல்கிறேன்' என்று சொல்லி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.

10. பயிற்சி இடமும் முதல் வேலையும்

பயிற்சி கடைசி செமஸ்டரில் வரும் என்று அதுவரை காத்திருக்காதீர்கள். மூன்றாம் செமஸ்டர் தொடங்கிய வாரத்திலேயே தேடுங்கள், சின்ன அலுவலகங்கள் ஒரு ஆளைத்தான் எடுக்கும். விண்ணப்பக் கடிதத்தில் சட்டத்தரணியின் பெயரைப் பிழையாக எழுதினால் அதோடு சரி, பெயர் பார்க்கத் தெரியாதவரிடம் உரிமைமாற்றத்தை யாரும் தரமாட்டார்கள்.

போன பிறகு, சொல்லும் வேலையை எழுதிக்கொள்ளுங்கள், திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துங்கள், எப்போது வேண்டும் என்று கேளுங்கள். ஆட்களின் விபரம் இல்லாத வெற்றுப் படிவங்களை, அலுவலகம் அனுமதித்தால், படிவ இலக்கப்படி ஒரு கோவையாக்குங்கள்.

லோ கிளார்க்குகள் நிறுவனத்தில் மாணவ உறுப்பினராகப் படிக்கும்போதே சேரலாம். அதன் அசோசியேட் உறுப்பினர் நிலைக்கு வழக்கு, வீடு காணி, கம்பெனி, மரணசாதனம் என்ற 4 துறையிலும் தேற வேண்டும். கட்டாயம் இல்லை, ஆனால் பாடம் நினைவில் இருக்கும்போது எழுதுவது இலகு, 3 வருடம் கழித்து வீட்டுப் பைல் மட்டுமே பார்த்தவர் கம்பெனிச் சட்டத்தைத் திரும்பப் படிக்கச் சிரமப்படுவார்.

நேர்முகத் தேர்வில் பல இடங்களில் கணினி முன் இருத்தி ஒரு சிறு வேலை தருவார்கள். நாங்கள் தருவது ஒரு கொள்வனவு ஒப்பந்தமும் 45 நிமிடமும், தொடக்கக் கடிதமும் சரிக்கட்டல் அறிக்கையும் எழுத வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் வாங்குபவர் பெயர் ஒருவிதமாகவும் கையொப்பப் பக்கத்தில் இன்னொருவிதமாகவும் இருக்கும்படி வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். கடிதம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அந்த இரண்டு பெயரையும் கண்டு எழுந்து வந்து கேட்கும் பிள்ளையைத்தான் எடுக்கிறோம்.